திட்டு டாக்டரின் மரியாதை

வடசென்னையில் டோல்கேட் முதல் எண்ணூர் வரை, திட்டு டாக்டரிடம் வசவு வாங்காமல் குணமான நோயாளி ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய நிஜப் பெயர் வாசல் போர்டில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

அவரும் இந்தப் பேட்டைக்காரர்தான். நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணிய குமாஸ்தா. எண்ணாமல் இருக்க வராது. சர்க்கரை வந்த ஒன்பது வருடத்தில் நாற்பத்து மூன்று முறை அவரிடம் போனேன். நாற்பத்திரண்டு முறை திட்டினார்.

"யோவ் கஸ்மாலம்! மாத்திரய துன்னுன்னா பக்கோடாவ துன்னுட்டு வந்து நிக்கிறியே, உனுக்கு இன்னாத்துக்குயா டாக்டரு?"

வெளியே ஒன்பது நாற்காலிகள். இரண்டுக்குக் கால் சரியில்லை. அங்கே வியாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாருக்கு என்ன வசவு கிடைத்தது என்பதுதான் பேச்சு. காசிமேட்டில் மீன் விற்கும் தனம்மா உள்ளேயிருந்து முகம் மலர்ந்து வருவாள்.

"என்னிய எருமன்னுட்டாரு நைனா! உன்னிய?"

"கழுதை."

"கயிதயா? அவ்ளோதானா?" என்று பரிதாபப்படுவாள். எருமை என்றால் நெருங்கியவர். கழுதை, இன்னும் கொஞ்சம் பழக வேண்டியவர்.

எதிர்ச்சாரியில் ஓர் இளம் டாக்டர் ஏ.சி. அறையோடு வந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தனம்மா போன வேகத்தில் திரும்பினாள். "மருவாதியா பேசறான் நைனா. நம்ம மேல அவனுக்கு இன்னா அக்கற கீது?" ஏழாவது மாதம் அந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது.

நாற்பத்து மூன்றாவது முறை, நெஞ்சு அடைக்கிறது, இடது தாடை வலிக்கிறது என்று போனேன். டாக்டர் இ.சி.ஜி. தாளை இரண்டு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உக்காருங்க சார். பயப்படாதீங்க."

எனக்கு அப்போதுதான் வேர்த்தது.

"திட்டுங்க டாக்டர்" என்றேன்.

"பேசாதீங்க சார்" என்று ஒரு மாத்திரையை என் வாயில் போட்டு, மென்று விழுங்கச் சொன்னார்.

வாசலில் தனம்மா. "இன்னா சொன்னாரு நைனா?"

"சார்னு சொன்னாரு."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யய்யோ! எங்க வூட்டுக்காரரையும் கடசியா அப்டித்தான் கூப்ட்டாரு!"

பதினொரு பேர் காத்திருக்க, டாக்டர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

நாடி பார்க்க ஒரு நிமிடம் போதும். பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை, இருபத்தாறு நிமிடம், அவர் என் கையை விடவில்லை.