‘வாங்க’ என்றால் மண்வெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தூத்துக்குடி உலகத்தோடு பேசத் தயாரானது. ‘அன்றாட ஆங்கிலப் பன்மொழியாக்க மைய’த்தின் பெயர்ப்பலகை மாட்டப்பட்ட நேரம் அது. பலகை ஆங்கிலத்தில் இருந்தது.

இத்தாலியன், ஜெர்மன், ஜப்பானியம் என்று மூன்று பிரிவுகள். உறுப்பினர்களும் மூவர். தலைவர் டெரன்ஸ் அண்ணாச்சி, ஜெனோவா நகரைக் கப்பலில் இருந்தபடியே பார்த்தவர். பொருளாளர் நேசக்குமாருக்கு பீட்சா பிடிக்கும். நான் செயலாளர்.

முதல் மனு பிலோமினாக்காவுடையது. மகள் ஏஞ்சலின் மிலானில் நர்ஸ். அங்கே மார்க்கோ என்பவரைப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் தன் தாயாரோடும் ஏஞ்சலினோடும் பெண் கேட்டு வருகிறார். தாயார் மனது வைத்தால்தான் கல்யாணம்.

“வாசல்ல வச்சு அவுக பாஷையில ஒரு வார்த்த கூப்புடணும்,” என்றார் அக்கா. “‘கம்’முக்கு என்ன?”

மையம் ஆராய்ந்தது. ‘வியேனி’. அக்கா சொல்லிப் பார்த்தார். ‘வீணி’ என்று வந்தது.

“சம்பந்தியம்மாவப் பாத்து ‘வீண் நீ’ன்னா சொல்லுவ?” என்று தலைவர் அதை நீக்கினார்.

“அப்ப ‘வாங்க’ன்னே சொல்லிருதேன்.”

“ஏளா, காரியத்தக் கெடுத்திராத. அவுக பாஷையில ‘வா’ன்னா போ. ‘வாங்க’ன்னா மண்வெட்டி.”

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

அகராதியைப் பார்த்தோம். இரண்டும் உண்மை. சாதாரண மனிதர்கள் இங்கே சோர்ந்திருப்பார்கள். தலைவர் சோரவில்லை. ‘வா’ என்றால் போ எனில், ‘போ’ என்றால் வா. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மரியாதை கருதி ‘ங்க’ சேர்க்கப்பட்டது.

ஞாயிறன்று மையம் முழுப் பலத்துடன் அக்கா வீட்டு வாசலில் நின்றது. ஆட்டோ வந்தது. ஏஞ்சலின் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். தாயும் மகனும் படியேறினார்கள். பட்டுப்புடவையில் அக்கா கைகூப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“போங்க. ரெண்டு பேரும் போங்க.”

மார்க்கோ ஓராண்டாக ஏஞ்சலினிடம் தமிழ் படித்துவருபவர். இத்தகவல் மையத்திற்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. அவர் அப்படியே நின்றார். தாயார் ஏதோ கேட்டார். இவர் ஏதோ சொன்னார். தாயார் திரும்பிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தார்.

“அவுக ஏன் போறாவ?”

“வாராவ. பொறு,” என்றார் தலைவர்.

அக்கா பொறுக்கவில்லை. மார்க்கோவின் கையைப் பிடித்தார். “தம்பி, எம்மவள ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?”

பதற்றத்தில் அவருக்குத் தாய்மொழிதான் வந்தது.

“சீ,” என்றார். “சீ, சீ.”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதில் மையத்தின் குறை எதுவும் இல்லை. ஆங்கிலச் சொற்களை அகரவரிசைப்படி மொழியாக்கிவரும் நாங்கள் ‘கோ’ வரைதான் வந்திருந்தோம். ‘யெஸ்’ அடுத்த நிதியாண்டில் வருகிறது.

ஏஞ்சலின் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “யம்மா, ‘சீ’ன்னா ஆமான்னு அர்த்தம். நீ எதுக்கு அவங்களப் போகச் சொன்ன?”

அக்கா எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து, அவசரக் கூட்டம் கூட்டலாம் என்றேன். நேசக்குமார் வழிமொழிந்தார். ஆட்டோ உறுமியது.

“கூட்டம் கெடக்கட்டும்,” என்றாள் ஏஞ்சலின். “அந்த மனுசன் எனக்காவத் தமிழ் படிச்சிட்டு வந்திருக்காரு. பொறந்ததுல இருந்து தமிழ் பேசுத நீங்க மூணு பேரு, வீடு தேடி வந்த பொம்பளையப் பாத்து ‘வாங்க’ன்னு சொல்ல வாய் வருமா, வராதா அண்ணாச்சி?”