வீரணனின் அரை டிக்கெட்

இரட்டை வயதுக்காரர் என்றொரு இனம் நம் மதுரையில் செழித்து வாழ்கிறது. இவர்களுக்குச் சொந்த வயது ஒன்று, சர்ட்டிபிகேட் வயது ஒன்று. உத்தியோகத்தில் இருக்கும்வரை சர்ட்டிபிகேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற மறுநாளே அது பொய் என்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன குற்றம்? பள்ளிக்கூடத்தில் சேர வந்த பையனை, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது. தேதி அவர் வாய்க்கு வந்ததுதான்.

ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா வீரணன் எட்டு வயதுவரை ஆடு மேய்த்துவிட்டு வந்து காதைத் தொட்டவர். அவர் மச்சினன் முத்திருளனுக்கு நீளக் கை. மூன்று வயதிலேயே தொட்டுவிட்டார். இருவருக்கும் ஐந்து என்றே எழுதினார்கள். அதனால் முத்திருளன் இரண்டு வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு வந்து புலம்பியபோது, மூன்று வருஷம் கூடுதலாக ஆபீஸ் போகவிருந்த வீரணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்.

இந்த ஆறுதலெல்லாம் அழகர்கோவில் போகும் தனியார் பஸ்ஸில், அறுபத்தைந்து நிறைந்தவர்களுக்கு அரை டிக்கெட் என்று முதலாளி அறிவிக்கும்வரைதான். சனிக்கிழமைதோறும் இருவரும் ஒரே சீட்டில் போகிறவர்கள். அறுபத்து மூன்று வயது முத்திருளன், சர்ட்டிபிகேட்டைக் காட்டி வாங்கிய அரை டிக்கெட்டைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு, "உங்களுக்கு இன்னும் மூணு வருசம் இருக்கு மச்சான்" என்றார். அறுபத்தைந்து வயது வீரணனுக்கு அன்று சாமி கும்பிடவே மனம் ஒப்பவில்லை.

திங்கட்கிழமை பஸ் கம்பெனி ஆபீசுக்குப் போனார். சாட்சிக்குக் கொட்டாம்பட்டியிலிருந்து அக்கா செல்லத்தாயையும் வரவழைத்திருந்தார்.

"நான் பிறந்த அன்னைக்கு அழகர் ஆத்துல இறங்கினாரு."

"அவரு வருசா வருசம் இறங்குறாரேண்ணே" என்றார் கணக்கர் பேயாண்டி.

வீரணன் வாயைத் திறந்து காட்டினார். மேலே நாலு, கீழே மூன்று. பேயாண்டி பொறுமையாக எண்ணிப் பார்த்துவிட்டு, பல்லில் தேதி இல்லை என்றார்.

செல்லத்தாய் முன்னே வந்தார். "இவனை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எம்புட்டு வயசும்மா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? இவனுக்கு ஏழு வயசு மூத்தவ."

பேயாண்டி நல்ல மனுஷர். ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "உண்மை வயசு அறுபத்தஞ்சு, சர்ட்டிபிகேட்டுல இருக்கது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாஸ் தாரேன்."

வீரணன் முத்து முத்தாக எழுதினார். முப்பது வருஷம் பிறர் எழுதிக்கொடுத்த தாள்களைப் பைல் செய்தவர் அல்லவா, கையெழுத்துக்கு முன் பழக்கதோஷத்தில் ஒருமுறை படித்தார்.

பேயாண்டியும் எட்டிப் படித்தார். "அப்ப அம்பத்தெட்டுல ரிட்டையர் ஆக வேண்டியவுக, அறுபத்தொண்ணு வரைக்கும் சம்பளம் வாங்கியிருக்கீக. அதனால என்னண்ணே, எங்க பைல்லதான இருக்கப்போகுது."

பைலுக்குள் போன தாள் ஒருநாள் வெளியே வரும் என்பது வீரணனுக்குத் தெரியாதா? தாளை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"எனக்கு அறுபத்திரண்டுதான் தம்பி. அக்காவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு."

"எனக்காடா தப்பிப்போச்சு?" என்று செல்லத்தாய் தெருமுனைவரை கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்த சனிக்கிழமை வீரணன் முழு டிக்கெட் வாங்கினார். பாவமாகத்தான் இருந்தது.

சிரிப்பது இருக்கட்டும். உங்களுக்கு என்ன வயது? எதைச் சொல்லலாம் என்று ஒரு நொடி யோசித்தீர்களே, அதற்காகத்தான் கேட்டேன்.