ஊரில் இல்லாத ஊர்

கணவனும் மனைவியும் ஊர் சுற்ற ஆசைப்படுவது சட்டப்படி குற்றமல்ல. இந்த உரிமையை உத்திரமேரூர் வட்டாரத்திலேயே முழுமையாக அனுபவித்து வந்தவர்கள் தாமோதரனும் கல்பனாவும். எங்கும் போகாமலேயே அனுபவித்தார்கள் என்பதுதான் விசேஷம்.

மகளைக் கட்டிக்கொடுத்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மாட்டையும் விற்றாகிவிட்டது. வேலையை உதறிவிட்டு வருஷக்கணக்கில் ஊர் சுற்றுவதுதான் இன்றைய நாகரிகம் என்று கைபேசியில் ஒரு ஜோடி தினமும் உபதேசம் செய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து சாயங்காலம் டீயைக் குடித்ததும் இருவரும் மனசால் கிளம்பிவிடுவார்கள். முதலில் எங்கே என்பதில் தகராறே இல்லை, காசி. அடுத்து எங்கே என்பதில்தான் சண்டை. அவருக்குப் பனி பார்க்க வேண்டும். அவளுக்குச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கடலில் அது ஏறத்தான் செய்கிறது, இறங்குவதில்லை. ஒருநாள் பேச்சு முற்றி, கல்பனா போபாலிலேயே கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாள் காலை அவருக்கு நாஷ்டா கிடைக்கவில்லை.

ஆனால் ஆசை நிஜம். பிறந்தது புள்ளலூர், வாழ்க்கைப்பட்டது இங்கே. நடுவில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் கல்பனாவின் உலகம். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கும்போதே போய்விட வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரு நல்ல நாளில் பெட்டியோடு கிளம்பினார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை செய்யும் டேனியல் வழியனுப்ப வந்து, கைகுலுக்கிவிட்டு அவசரமாக ஆபீசுக்குப் போனான். எதிர்வீட்டு முனியம்மாள் பாசத்தோடு கேட்டாள்: "எங்க கெளம்பிட்டீங்க?"

புறப்படுகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. உள்ளே திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அப்படியே செய்தார்கள். அடுத்த வீட்டு வேதாசலம் கேட்டார். மறுபடி திரும்பினார்கள். பாசமான தெரு அது. கடைசி வீடு வரைக்கும் பாசமாகவே இருந்தது. வயிறு முட்டத் தண்ணீரோடு அவர்கள் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. பட்டணத்தில் ரயிலும் காத்திருக்கவில்லை.

இதற்குள் டேனியல் தன் கடமையை ஆற்றிவிட்டான். வீடுகளின் 'வசிப்பு நிலை'யைப் பதிய அரசாங்கம் புதிதாக ஒரு செயலி கொடுத்திருந்தது. அதில் 'நீண்டகாலப் பயணத்தில் உள்ள குடும்பம்' என்பதை அழுத்தினான். மாண்புமிகு குடிநீர் வீணாவதைத் தடுக்கும் பொருட்டு, மறுநாளே அவர்கள் வீட்டுக் குழாய் மூடி முத்திரையிடப்பட்டது.

கல்பனா ஆபீசில் போய் நின்றாள்.

"டேனியலு, நாங்க வூட்லதான் கீறோம்."

"கண்ணுக்குத் தெரியுது அண்ணி. செயலிக்குத் தெரியலயே."

"இருக்காங்கன்னு போட்டுட வேண்டியதுதானே?"

"திரும்பி வந்துட்டாங்கன்னுதான் போட முடியும். வந்ததுக்கு ஆதாரம் வோணும்."

"நாங்க போவவே இல்லியேப்பா!"

"போவாதவங்க எப்பிடி அண்ணி திரும்பி வர முடியும்? நாயம்னு ஒண்ணு கீதுல்ல?"

"சரி, இப்ப போயிட்டு வரோம்."

"அதெப்பிடி? நீங்க ஏற்கெனவே போயி கீறீங்க. போன எடத்துலேர்ந்து வந்தாத்தான் மறுதபா போவ முடியும்."

கல்பனாவுக்குத் தலை சுற்றியது. டேனியலே இரக்கப்பட்டு வழி சொன்னான்: வெளியூரில் எடுத்த ஒரு போட்டோ போதும். இருவரும் பக்கத்திலிருக்கும் பழையசீவரம் மலையேறி, பின்னால் பாலாறு தெரிய, சிரித்துக்கொண்டு நின்றார்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். காற்று அருமையாக வீசியது. கல்பனாவுக்கு இறங்கவே மனசு வரவில்லை. 'நெடும்பயணம் முடித்து நலமுடன் ஊர் திரும்பிய குடும்பம்' என்று செயலி அவர்களை ஏற்றுக்கொண்டது. குழாயில் தண்ணீர் வந்தது.

விஷயம் அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர்கள் 'இல்லாத' நாட்களில் வீட்டு வரி கேட்டு யாரும் வரவில்லை, திருவிழா வசூலுக்கு யாரும் வரவில்லை, கிராம சபைக்கு ஆள் சேர்க்க யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதை முனியம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். மறுவாரமே அவள் குடும்பத்தோடு சிம்லா போனாள், செயலியில். வேதாசலம் அமர்நாத் போனார். போனவர் வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் ஊரில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதே கேவலம் என்றாகிவிட்டது.

"நாங்க ஊட்டில கீறோம். நீங்க எங்க?" என்று ரேஷன் கடை வரிசையில் குசலம் விசாரித்துக்கொண்டார்கள். மக்களின் வாழ்க்கைத்தரத்தை இப்படி உயர்த்தியதற்காக டேனியலுக்கு ஒரு கேடயமும் பொன்னாடையும் கிடைத்தன.

குழாய்களெல்லாம் மூடப்பட்டன. அதனால் என்ன? ஊரில் அதிகாரபூர்வமாக வசிக்கும் ஒரே குடும்பத்தின் குழாய் திறந்துதானே இருந்தது. பொழுது விடிந்தால் கல்பனா வீட்டு வாசலில் சிம்லாவும் அமர்நாத்தும் ஊட்டியும் குடத்தோடு முண்டியடித்தன. "கொஞ்சம் சீக்கிரம் எழுந்து கேட்டைத் தொறக்கறதுக்கு இன்னா?" என்று அதட்டல் வேறு.

கல்பனாவுக்குப் பேஜாராகிவிட்டது. ஒரு காலையில், குடங்கள் வருமுன் பெட்டியைத் தூக்கினாள்.

"மொதல்ல உன் கடலுக்கே போலாம் கல்பனா. காசி எங்க ஓடிடப் போவுது?" என்றார் தாமோதரன். இத்தனை வருஷத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரகசியமாகக் கிளம்பியதால் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஜனம் திரண்டு நின்றது. டேனியல் முன்னால் வந்து கைகூப்பினான்.

"அண்ணி, நீங்களும் போயிட்டா இந்த ஊர்ல ஆளே இல்லன்னு செயலி காட்டும். கடைசிக் கொழாயும் மூடிக்கும். ஆபீச எடுத்துடுவாங்க. என் வேலையும் பூடும்."

"அப்ப இவங்கள்லாம் திரும்பி வந்துட்டாங்கன்னு போடேன்!"

கூட்டம் பதறிப்போயிற்று. திரும்பி வருவதென்றால் வரி, வசூல், கிராம சபை எல்லாமும் கூடவே வரும். பஸ் வந்து நின்று, இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. முனியம்மாள் மெல்ல முன்னால் வந்து, கல்பனாவின் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி கல்பனா, மனசாட்சியே இல்லாம பேசற? ஊரு சனம் அத்தினியும் வெளியூரு போயி கீது. இந்த நேரத்துல நீயும் கெளம்பிட்டா, ஊரை யாருடி பாத்துக்கறது?"