பூசணிக்காயை விழுங்கிய பீர்

மிகுந்த மதிப்புக்கும் அதைவிட மிகுந்த கோபத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மனைவியாகிய என் தங்கை, பிள்ளைகள் இரண்டு பேர், பீர்த் தொட்டிகள் எல்லாரும் சுகம். அங்கே அண்ணன் வீட்டில் நீங்களும் உங்கள் கோபமும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை அணைத்துவிட்டீர்கள். அதனால் நாலாம் வகுப்போடு பேனாவை விட்ட கை மறுபடி அதைத் தொட்டிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் காகிதத்தைச் சாய்த்துப் படியுங்கள்.

முதலாளியம்மா பூசணி பீர் காய்ச்சச் சொன்னதும் நீங்கள் பீர் கிண்டும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, "பீர்னா தண்ணி, பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், நாலே சாமான்! அஞ்சாவதா ஒண்ணு உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று கிளம்பினீர்களே, அவர் அதை எடுத்துச் சுவரில் சாத்திவைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் பாட்டுக்குப் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தேன். "பூசணிக்காய் வந்து இறங்கியாச்சு. நீங்க அவரோட மச்சான்தானே? கூடவே இருந்து பார்த்திருப்பீங்களே, நீங்களே செஞ்சிடுங்க" என்றார். நல்லவேளை, நான் டாக்டருக்கு மச்சான் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்நேரம் எவன் வயிற்றையோ கிழித்திருப்பேன்.

மஞ்சள் பூசணி பன்னிரண்டு, ஒவ்வொன்றும் உங்கள் பெரியவனைப் போல் கனம், அவனைப் போலவே சொன்ன இடத்தில் உட்காராமல் உருண்டு ஓடும் சாதி, அவற்றைப் பிடித்து நானும் பாரில் ஊற்றிக் கொடுக்கும் நெட்டையும் வெட்டினோம், வெட்டியதை வேகவைத்தோம், வெந்ததை மசித்தோம், மசித்ததைப் பார்லி ஊறும் தொட்டியில் கொட்டினோம், அதுவரைக்கும் நம்மைப் போல உண்டா என்று இருந்தது, அப்புறம் அடிக்குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. தொட்டி முழுக்கக் களி. சல்லடை அடைத்துக்கொண்டது. நெட்டை ரப்பர் குழாயை மாட்டி ஊது ஊதென்று ஊதிவிட்டு, "அண்ணே, உள்ள எதுவோ முனகுது" என்றான். "அது நான்தாண்டா!" என்றேன். மேலே ஏணியில் நின்று கிண்டிக்கொண்டிருந்தேன், துடுப்பு சிக்கிவிட்டது, நான் இழுக்க அது இழுக்க, கடைசியில் அது பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க, நானும் ஏணியும் துடுப்பும் பின்பக்கமாகப் போய்ப் பூசணித் தோல் குவியலில் இறங்கினோம். அடி ஒன்றும் இல்லை, ஆனால் அன்று ராத்திரி தங்கை என்னை வாசலிலேயே நிறுத்திக் கழுவினாள். பிறகு வாளியில் மொண்டு துணியில் வடிகட்டி, நீங்கள் செய்கிற மாதிரியே கொதிக்கவைத்து ஆறவைத்து ஈஸ்ட் போட்டு, நீங்கள் செய்கிற மாதிரியே இடுப்பில் கைவைத்து முறைத்தும் பார்த்தோம்.

புளித்து முடிந்ததும் முதலாளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல பூசணிக்காய் எங்க?" என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் பன்னிரண்டு காயைப் பீரில் மறைத்துவிட்டோம் மாப்பிள்ளை, நாக்கு தேடித் தேடி அலுத்துத் திரும்பி வந்தது. பார்லி மூட்டை இறக்க வருகிற லாரிக்காரர்தான் சிரித்தார். "பூசணிக்காய்க்கு ஏது ருசி? பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் போட்டாத்தான் குடிக்கிறவன் 'ஆகா, பூசணி'ன்னு சொல்லுவான்" என்றார். ஆக, பேர் பூசணிக்கு, வேலை பட்டைக்கு. நம் வீட்டில் நீங்கள் குடும்பத் தலைவர் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த மாதிரி. மசாலாவை நானே நிறுத்து, நானே துணிப்பை தைத்து, நானே தொட்டியில் தொங்கவிட்டேன். தங்கை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பீர் தயார். ஆனால் ஊற்ற ஆள் இல்லை. நீங்கள் ருசி பார்த்து, விரல் முட்டியால் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினால்தான் அது பாருக்குப் போகும், அதுதானே இங்கே பழக்கம்? முதலாளியம்மா "ஊத்துப்பா" என்றார். நெட்டை தலையைச் சொறிந்தான். "இன்னும் தட்டலையேம்மா." "நான் தட்டுறேன், தள்ளு" என்று விரலை மடக்கிக்கொண்டு தொட்டி வரைக்கும் போனார். போனவர் சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்துவிட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அவர் வரலைன்னா வேற ஊர்லேருந்து ஆள் கூப்பிடுவேன்" என்றார். அவருக்கும் மனசில்லை.

மாப்பிள்ளை, கேலியை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். கசப்புக்குப் போடுகிற பூ, அந்த ஹாப்ஸே ஒரு காலத்தில் பீருக்குள் பின்னால் வந்து சேர்ந்ததுதானாம், அதுக்கு முன்னால் கண்ட தழையையும் போட்டுத்தான் காய்ச்சினார்களாம், லாரிக்காரர் சொன்னார். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். உங்கள் வீட்டிலும் நாலு பேர்தான் இருந்தீர்கள். செருப்பு ஆலையை மூடிய அன்று ஒரு பையோடு நான் வந்து நின்றேன். அஞ்சாவது சாமான். ஏன் வந்தீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்கவில்லை, பாயை உதறிப் போட்டுவிட்டு, "மச்சான், குறட்டை விடுவீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். இல்லை என்று பொய் சொன்னேன். அதையும் பொறுத்துக்கொண்டீர்கள். மறுவாரமே பீப்பாய் கழுவும் வேலையும் வாங்கிக் கொடுத்தீர்கள். வீட்டில் அவ்வளவு இடம் கொடுத்த மனுஷனுக்குத் தொட்டியில் ஒரு பூசணிக்காய்க்கா இடம் இல்லை?

வாருங்கள். ஒரு வாய் குடியுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கர்மம் என்று தோன்றினால் கர்மம் என்றே சொல்லுங்கள், நானே குழாயைத் திறந்து சாக்கடையில் விடுகிறேன். உங்கள் நாக்கு சொன்னதற்கு மறுபேச்சு இல்லை என்று முதலாளியம்மாவும் ஒத்துக்கொண்டுவிட்டார். மற்றபடி அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம், உங்களுக்கு என் ஆசீர்வாதம். வயசில் மூத்தவன் என்பதால் அது ஒன்றுதான் என் கையில் தாராளமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் உப்பைத் தின்று கொழுத்த மச்சான்

பின்குறிப்பு: மடிப்பதற்குள் தங்கை பிடுங்கிப் படித்துவிட்டாள். "ஊசியில நூல் கோக்கத் தெரியாது, நீ பை தைச்சியாக்கும்?" என்று கேட்டு இன்னும் பக்கத்திலேயே நிற்கிறாள். உண்மை என்னவென்றால், பட்டை அவள், கிராம்பு அவள், ஜாதிக்காய் அவள், பை தைத்தது அவள், பீரை மூன்று தடவை ருசி பார்த்து, "இதுக்கு என்ன குறை?" என்று சொன்னதும் அவளே. நீங்கள் கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் வம்பாகுமே என்றுதான் என் தலையில் போட்டுக்கொண்டேன். ஆகவே மேலே 'உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்' என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். வந்ததும் தட்டிவிடுங்கள். குடிக்கிறதுக்கு முந்தியே தட்டினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.