மெரூன் ஜாக்கெட்டும் ஏலகிரி மழையும்

வேண்டாமென்று நானே ஒதுக்கிய ஒரு பொருளை ஆசை ஆசையாக ஒருவருக்குப் பரிசு கொடுத்தவள் நான். அதுவும் யாருக்கு? யாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேனோ அவருக்கே!

ஆம்பூரில் லெதர் ஜாக்கெட் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு க்வாலிட்டி செக்கிங் வேலை. ஈரத்துணியால் இருபது முறை தேய்ப்பேன். துணியில் சாயம் ஏறினால் ரிஜெக்ட். அப்படி நான் ரிஜெக்ட் செய்த மெரூன் ஜாக்கெட் ஒன்று ஸ்டாஃப் சேலுக்கு வந்தது. என்ன பளபளப்பு! உடனே வாங்கிவிட்டேன். (மலையில் எவன் வந்து ஈரத்துணியால் தேய்க்கப் போகிறான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.)

மலை எங்கே வந்தது என்கிறீர்களா? வேலூரில் எங்கள் சர்ச் வாலிபர் குழு ஏலகிரியில் மலையேறப் போவதாக இருந்தது. ஜெபராஜும் வருகிறார்! இரண்டு வீட்டிலும் எங்கள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பொண்ணு பொறுப்பானவளான்னு பாக்கணும்" என்றாராம். ரிட்டயர்டு நர்ஸ். முதலுதவிப் பெட்டியோடு அவரும் வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொறுப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

முதல் நாளே ஜெபராஜ் போனில் பட்டியல் அனுப்பியிருந்தார். "மலையில மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது. சீக்கிரம் காயற டிஷர்ட், மெல்லிசா ஒரு ஸ்வெட்டர், ரெயின்கோட் கண்டிப்பா வேணும்."

நான் கேட்கவா செய்தேன்? காலையில் வேனில் ஏறியதும் அவர் பையிலிருந்த ஸ்வெட்டரையும் ரெயின்கோட்டையும் உருவி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு ஜாக்கெட்டை நீட்டினேன்.

"மழ வந்தா?" என்றார் பாவம்.

"லெதர் இருக்குறப்ப ரெயின்கோட் எதுக்குங்க? மாடு நனைஞ்சா உள்ள தண்ணி இறங்குதா?"

ஏறும்போது நல்ல வெயில். பாதி வழியில் பனிமூட்டம், சில்லென்று காற்று. குழுவின் வெள்ளை டிஷர்ட் மேல் அவர் ஜாக்கெட்டை மாட்டியதும் இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை! உச்சியில் கால் வைத்தோம், மழை கொட்டியது. மற்றவர்கள் ரெயின்கோட்டை மாட்டினார்கள். ஜெபராஜ் நனைந்தார். தண்ணீர் குடித்துக் கனத்துப்போன ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கிய நான் திரும்பியே பார்க்கவில்லை.

அடிவாரத்தில் முதலுதவிப் பெட்டியோடு காத்திருந்த ஆன்ட்டி, அதாவது ஜெபராஜின் அம்மா, பார்த்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை மகன் ஒரே சிவப்பு.

"ஐயோ, இன்னாடா ஆச்சு? எங்க விழுந்த?"

"ஒண்ணுமில்லம்மா..."

"பேசாத! படு!"

கத்தரிக்கோலால் டிஷர்ட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. முன்னால், பின்னால், அக்குளில் எல்லாம் காயத்தைத் தேடினார். கடைசியில் விரலை முகர்ந்து பார்த்தார்.

"இது ரத்தமில்ல, சாயம். யாருதுடா இந்த ஜாக்கெட்டு?"

"நான்தாம்மா வாங்கனேன்" என்று ஜெபராஜ் கூசாமல் பொய் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்காகப் பொய் சொல்கிற மனிதரை இழக்கப்போகிறேனே!

"நான்தான் குடுத்தேன் ஆன்ட்டி. சாயம் போவும்னு தெரியும். ரிஜெக்ட் பண்ணதே நான்தான். ரெயின்கோட்ட சீட்டுக்கடியில தள்ளனதும் நான்தான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு நடுங்கிய மகனைப் பார்த்தார். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தையும் பார்த்தார்.

"இத்தன பேரு பாத்துட்டாங்க. இனிமே இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? நீயே கட்டிக்கம்மா."

இப்போதும் விருந்தாளிகள் யாராவது எங்கள் கல்யாணம் எப்படி நிச்சயமானது என்று கேட்டால் போதும், அத்தை ஆரம்பித்துவிடுவார்: "எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க. நாங்க புள்ளையக் காட்டப் போனோம்!" நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். வெட்கப்பட்டு எழுந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டே எல்லாருக்கும் காபி கொண்டுவருகிறவர் ஜெபராஜ்தான்.