எரு தாங்கிய பை

சங்கக்கடை அரிசி தொடக்கம் குடிதண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் ஊர்வலம் போய், ஒன்றிலும் வெல்லாத உரும்பிராய்ப் பஞ்சலிங்கம், கடைசியில் வீட்டுக்குள்ளேயே போராட்டத்தைத் தொடங்கினார். இனி எரு சுமப்பதில்லை என்று நோட்டீஸ் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினார். மனைவி பாலேஸ்வரி அதைக் கிழித்து, சூடான சட்டி இறக்கப் பிடித்தாள். வேலைநிறுத்தம் மூன்று மாதம் ஓடியது. வாசல் படலையடியில் குவித்த எருக்கும்பி அசையவில்லை. பின்வளவில் வாழைகள் வாடி நின்றன.

கிடைத்த ஓய்வில் அவர் ஒரு பையைக் கனவு கண்டார். மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் பை. மரவள்ளி மாவோடு வினாகிரியும் கிளிசரினும் விட்டுக் காய்ச்சி, தகட்டில் ஊற்றிக் காயவைத்தார். முதல் பை ஒரு தேங்காய்க்கே கிழிந்தது. சங்கம் சேராத தொழிலாளி மாதிரித்தான் மாவும் என்று அவருக்குப் பட்டது. வாழைநாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் கூழை ஊற்றினார். காய்ந்த தாளை வெயிலுக்குப் பிடித்தார். நிலவு போல் வெளுத்த தாளுக்குள் நார் நரம்பாக ஓடியது. குடாநாடு முழுக்க அந்தப் பைகள் ஆடுவதையும், மாரி மழைக்கு அவை சத்தமில்லாமல் நிலத்துக்குள் இறங்குவதையும் நின்ற நிலையிலேயே கண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் பையைக் காட்டவேண்டும். இதுவும் தோற்றால் ஊர் சிரிக்கும்.

பாலேஸ்வரி பையைத் தடவிப் பார்த்தாள்.

“வடிவாய் இருக்கு. பூப் பிடுங்கப் போகேக்கை கொண்டு போகலாம்.”

“பூவோ? இது அஞ்சு கிலோ தாங்கும்.”

“எரு தாங்குமோ?”

“போட்டுப் பாரும்.”

போட்டாள். அவர் வாழையடி வரை நடந்து கொட்டிவிட்டு வந்தார்.

“ஒருக்காத் தாங்குது. நூறு தரம் தாங்குமோ எண்டு சபையிலை ஆரும் கேட்டால்?”

சவாலை விட்டுக்கொடுத்துப் பழகாத மனிதர். நடந்தார். கனவுக்குள் நடந்தபடியால் பாரம் தெரியவில்லை. பொழுது சாயும்போது எருக்கும்பி இருந்த இடத்தில் பாலேஸ்வரி கோலம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பிய்ஞ்சதோ, சொல்லும்,” என்றார் மூச்சு வாங்க.

“இல்லை, பலமான பைதான். ஆனால் மண்ணுக்குள்ளை உக்குமோ எண்டு ஆர் கண்டது?”

பை வெட்டி மிஞ்சிய துண்டைப் புதைத்துப் பார்க்கப் போவதாகச் சொல்லி, அவரே மண்வெட்டியை எடுத்தார். எந்த இடம் என்று மட்டும் அவள் காட்டினாள். மூன்றடி ஆழம்.

விடியப் பார்த்தால், குழியில் ஒரு தென்னங்கன்று நின்றது.

“வேலைநிறுத்தத்தை மட்டும் விட்டிடாதையுங்கோ,” என்றாள் பாலேஸ்வரி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியபடி. “இப்பதான் வளவிலை வேலை நடக்குது.”