முதல் தீர்த்தம் எந்த விலானுக்கு?

நாவலூர்,
14-10-2007

சிரஞ்சீவி ஜெயந்துக்கு அப்பா ஸ்ரீனிவாசராகவன் ஆசீர்வதித்து எழுதுவது. பெருமாள் கிருபையில் நானும் உன் அம்மா கோமளமும் சௌக்கியம். அமெரிக்காவில் நீயும் சுப்ரஜாவும் குழந்தை சாருலதாவும் அவ்விதமே இருக்கப் பிரார்த்திக்கிறோம். இதை மின்னஞ்சலில் எழுதாததற்குக் காரணம், அதுவும் நீ வைத்துவிட்டுப் போன அந்த ஸ்விட்ச் பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். அதனிடம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

போன லீவில் நீ நம் வீட்டுக்கும் எதிர்வீட்டில் இருக்கும் உன் மாமனாருக்கும் பொதுவாக ஓர் இணைய இணைப்பு எடுத்து, நம் கூடத்தில் இணைப்பைப் பங்கிடும் ஸ்விட்ச் வைத்து, அதை இரண்டு விலானாக, அதாவது ஒரே பெட்டிக்குள் வீட்டுக்கொரு தனிப் பாதையாக, பிரித்துக் கொடுத்தாய். நமக்கு விலான் பத்து, சம்பந்திக்கு இருபது. ஞாயிறு காலை நீ ஒரு கணினியில் எங்களைக் கூப்பிடுவாய், சுப்ரஜா இன்னொன்றில் அவள் பெற்றோரை. எந்தத் திரையில் தாத்தா அசைகிறாரோ அங்கே குழந்தை ஓடும். முதலில் இருவரும் சமமாகத்தான் விக்கி விக்கி அசைந்தோம். பிள்ளை வீட்டாருக்கு என்று ஒரு முதல் மரியாதை உண்டே எனத் தோன்றியது. தோன்றியதே தப்போ என்னவோ. கணினியில் அந்தப் பெட்டியின் அமைப்புகளில், விலான் வாரியாக முன்னுரிமை கொடுக்கும் பக்கத்தைத் திறந்தேன். பூஜ்யம் முதல் ஏழு வரை எண்கள். மதுராந்தகம் கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு, கடைசித் தீர்த்தம் யாருக்கு என்று பார்த்தே வளர்ந்தவன் நான். பூஜ்யம் கௌரவமாக இல்லை. நமக்கு ஒன்று போட்டேன். சம்பந்திக்கு, மனசு உறுத்தினாலும், ஏழு.

அன்றிலிருந்து நான் திரையில் கல்லாய்ச் சமைந்துவிட்டேன். சம்பந்தி வாசுதேவனோ பாக்கு மெல்லுவதுகூடக் குழந்தைக்குத் தெரிகிறதாம். தண்ணீர் கேன் கொண்டுவந்த வாட்ச்மேன் தனகோடி, "இன்னா சாரு, எதிர்வூட்ல பாப்பா நேர்ல வந்த கணக்கா பேசிகினு கீது, உன் வூட்ல பொம்ம கணக்கா நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். குழந்தை அவரைத் தாத்தா என்கிறாள். எனக்கு 'ஃபோட்டோ தாத்தா' என்று பெயர். "ஃபோட்டோன்னா மாலை போட்டுடுவாளேன்னா!" என்று கோமளம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீ அங்கிருந்தே மாமனாருக்குச் சாதகமாக ஏதாவது செய்துவிட்டாயோ? பெட்டி நம்மாத்துல, கரண்ட் நம்மாத்துது, தெளிவு மட்டும் அவாத்துலயா? இது நியாயமாடா?

கோபித்துக்கொள்ளாதே. சுப்ரஜாவுக்கு ஆசிகள். சாருலதாவுக்கு என் அசையாத முத்தங்கள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. உறையை ஒட்டுமுன், பரிசோதனையாக எண்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஏழுதான் உசத்தியாம்! ஒன்று என்பது கடைப்பந்திக்கும் கீழாம். நானேதான் அவருக்கு முதல் தீர்த்தம் கொடுத்திருக்கிறேன். இன்று காலை நீ கூப்பிட்டபோது நான் பளிச்சென்று அசைந்தேன். இரண்டே நிமிஷம். கதவு தட்டும் சத்தம். சம்பந்தி, மாமியோடு. "ஓய், எங்காத்துல குழந்தை உறைஞ்சு போயிட்டா. இங்கேயே பாத்துக்கறோம், நகரும்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோளுக்குப் பின்னால் என் ஒரு காது மட்டும் திரையில் விழுந்தது போலிருக்கிறது. குழந்தை கைதட்டினாள்: "அம்மா, ஃபோட்டோ தாத்தா காது அசையறது!"

எண்களை மாற்றிவிடாதே. காது வரைக்கும் வந்துவிட்டேன்.